உட்கார வைத்து மாட்டிய மாஸ்க், படுத்தால் எப்படிப் பொருந்தும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் குறட்டையைப் பற்றி ஒரு டாக்டர் எழுதியிருந்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார், குறை சொல்வதற்கில்லை. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருவது, அதனால் வரும் பிரஷர், பகல் சோர்வு என்று எல்லாம் சொல்லிவிட்டு, கடைசி வரியில் சிபாப் மெஷின் (தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்கிற மெஷின்) வைத்தால் சரியாகும் என்று முடித்துவிட்டார். எங்கள் வீட்டில் அந்தக் கடைசி வரிக்கு அப்புறம்தான் ஏழு மாதக் கதையே ஆரம்பித்தது. அதனால் எழுதுகிறேன். கடிதம் நீளம்தான். வெட்டுவதானால் மீசை விஷயத்தை வெட்டிக்கொள்ளுங்கள், எண்ணெய் விஷயத்தையும் செலோடேப் விஷயத்தையும் மட்டும் வெட்டாதீர்கள்.

நான் சேலம் அம்மாப்பேட்டையில் இருபத்திரண்டு வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டுக்காரருக்கு விசைத்தறி. எங்கள் தெருவில் தறிச் சத்தத்தில் தூங்கத் தெரியாதவர் ஒருத்தரும் கிடையாது, அப்பேர்ப்பட்ட தெருவில் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "உங்க வீட்டுக்காரர் குறட்டை எங்க தறியைத் தாண்டிக் கேக்குது" என்று சொன்னார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம்கூடப் பரவாயில்லை. நடுவில் அது நிற்கும் பாருங்கள், அதுதான் வயிற்றைக் கலக்கும். இருட்டில் படுத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். சில தடவை இருபதைத் தாண்டும். அப்புறம் கிணற்றில் முங்கினவர் மேலே வந்த மாதிரி ஒரு இழுப்பு இழுத்து மறுபடி ஆரம்பிப்பார். பகலில் தறிக்குப் பக்கத்தில் நின்றபடியே கண் சொருகும். ஊடை அறுந்தது தெரியாமல் தறியை ஓடவிட்டு ஒரு நாள் துணி பாழானது, அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சம்மதித்தார்.

ஒரு ராத்திரி உடம்பெல்லாம் ஒயரை ஒட்டிப் படுக்க வைத்து ஸ்லீப் ஸ்டடி எடுத்தார்கள். மணிக்கு 38 தடவை மூச்சு தடைபடுகிறது என்று வந்தது. பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 30 தொட்டாலே கடுமை என்றார் டாக்டர். சீட்டுப் பணத்தை எடுத்து மெஷின் வாங்கினோம்.

இனிமேல்தான் விஷயம். மெஷினைக் கொண்டுவந்து கொடுத்த கம்பெனித் தம்பி (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், அந்தத் தம்பியின் பிழைப்பு) வீட்டுக்காரரை முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். மூக்கை மூடும் மாஸ்க், அதைத் தலையோடு பிடித்துக்கொள்ள நாலு ஸ்ட்ராப், மேலே இரண்டு கீழே இரண்டு. நாலையும் படபடவென்று இழுத்து வெல்க்ரோவை ஒட்டினார், மெஷினை இரண்டு நிமிஷம் ஓட்டிக் காட்டினார், காற்று வெளியே வந்தால் இன்னும் கொஞ்சம் டைட் பண்ணிக்கோங்க சார் என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுப்பில் வைத்த குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் எல்லாம் முடிந்தது.

ஒரு சாதாரண லைனிங் ஜாக்கெட்டுக்கே நான் அளவெடுத்து, போட்டுப் பார்க்கச் சொல்லி, கையைத் தூக்குங்கள், குனியுங்கள் என்று பார்த்துத்தான் கொடுக்கிறேன். ராத்திரி முழுக்க முகத்தில் இருக்க வேண்டிய பொருளுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாதா?

முதல் ராத்திரி பன்னிரண்டு மணி வாக்கில் காற்று கண்ணுக்குள் அடித்தது. எழுந்து இறுக்கினார். மறுநாள் இன்னும் இறுக்கினார். நாலாம் நாள் மூக்குத் தண்டில் தோல் கிழிந்து ரத்தம் கசிந்தது, கன்னத்தில் ஸ்ட்ராப் வரி மத்தியானம் வரைக்கும் அழியவில்லை, தறிப் பசங்கள் "அண்ணனை யாரு அண்ணே அடிச்சது" என்று கேட்டுச் சிரித்தார்கள். அத்தோடு மெஷின் பீரோ மேலே, கொலுப் பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டரை மாதம் அங்கேதான் இருந்தது. இந்த ஊரில் எத்தனை பீரோ மேலே எத்தனை மெஷின் இருக்கிறதோ!

புரட்டாசியில் கொலுப் பெட்டியை இறக்கும்போது அதுவும் கூட வந்தது. சும்மா கையில் எடுத்துப் பார்த்தேன், தையல்காரியின் கண்ணால் அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன். முகத்தில் படுகிற அந்த சிலிக்கான் குஷன் ஒற்றை விளிம்பு இல்லை, இரட்டை. உள்ளே தடிப்பாக ஒன்று முட்டுக்கொடுத்து நிற்கிறது, முகத்தில் படுவது வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசான இன்னொன்று. காற்று வந்தால் அந்த மெல்லிசு உப்பி முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், வடிவமே அதற்காகத்தான். அதைப் போட்டு இறுக்கினால் என்ன ஆகும்? நசுங்கும், மடியும், மடிப்பு விழுந்த இடத்தில் வாய் பிளக்கும், காற்று அங்கேயே போகும். ஜாக்கெட்டில் அக்குளில் பிடித்தால் மார்பில் சுருக்கம் விழுந்து கொக்கி இடைவெளி விடுமே, அதே கணக்கு. இடைவெளி விடுகிறதே என்று இன்னும் பிடித்துத் தைக்கிறவள் தையல்காரியே இல்லை.

மகள் நர்சிங் படிக்கிறாள், லீவில் வந்திருந்தாள். பெட்டிக்குள் இருந்த கையேட்டில் என்னென்னவோ பாஷை இருந்தது, தமிழ் மட்டும் இல்லை, அவள்தான் உட்கார்ந்து படித்துச் சொன்னாள். அவருக்கு டாக்டர் எழுதியிருந்த காற்றழுத்தம் 11. அது என்னடி கணக்கு என்று கேட்டதற்கு ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஸ்கேல் வைத்துப் பார்த்து, ஸ்ட்ராவைப் பதினோரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதச் சொன்னாள். குமிழி வந்தது. "அவ்வளவுதாம்மா 11, இந்தக் காற்றைப் பிடிச்சு வைக்க லாரிக்குத் தார்ப்பாய் கட்டுற மாதிரி எதுக்குக் கட்டணும்?" என்றாள். வீட்டுக்காரரும் ஊதிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் இன்னொரு தடவை மாட்டிப் பார்க்க ஒத்துக்கொண்டார்.

அன்றைக்கு ராத்திரி நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முகத்தை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தோம். அவர் எப்போதும் படுக்கிற தலையணையில், எப்போதும் படுக்கிற மாதிரியே படுக்கச் சொன்னேன். இதுதான் முக்கியம், ஏனென்றால் உட்கார்ந்திருக்கும்போது இருக்கிற முகம் வேறு, படுத்தால் கன்னச் சதை காதுப் பக்கம் சரிந்து அளவே மாறிப்போகிறது. நாலு ஸ்ட்ராப்பையும் முழுக்கத் தளர்த்திவிட்டு, மாஸ்க்கை மூக்கில் வைத்துக் கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு, தலைப்பட்டையைப் பின்னால் மாட்டினேன். இங்கே ஒரு தப்பு தெரிந்தது. அந்தத் தம்பி பின்பட்டையை உச்சிக்குக் கிட்டே வைத்திருந்தார், அது அங்கே நிற்காமல் மேலே மேலே ஏறி, கீழ் ஸ்ட்ராப் இரண்டையும் காது மேல் இழுத்திருக்கிறது. பின்மண்டையில் எலும்பு புடைத்திருக்கும் பாருங்கள், அதற்கு அடியில் பிடரிக்கு மேலே உட்கார்ந்தால் நகராது. சட்டைக்குக் காலர் உட்காருகிற மாதிரி.

அப்புறம் மெஷினைப் போட்டோம். எங்கள் மெஷினில் மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது, கொஞ்ச நேரம் உண்மையான அழுத்தத்தில் காற்றடிக்கும். அது முன்னாடியே தெரியாமல் போயிற்று. சாதாரணமாகப் போட்டால் மெஷின் குறைந்த காற்றில் மெதுவாகத்தான் ஆரம்பிக்கும், அப்போது எல்லா மாஸ்க்கும் நன்றாகத்தான் பொருந்தும், நடுராத்திரி காற்று ஏறும்போதுதான் பல்லிளிக்கும். காற்று முழுசாக வந்ததும் மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல் அளவு முன்னால் இழுத்து, குஷன் உப்பியதும் மெதுவாக விட்டேன். தானாகவே போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகுதான் ஸ்ட்ராப்பில் கை வைத்தேன். முதலில் கீழ் இரண்டும், இரண்டு கையாலும் ஒரே நேரத்தில், இரண்டு பக்கமும் ஒரே அளவு. அப்புறம் மேல் இரண்டு. ஒரு தடவைக்கு அரை விரல்கடைக்கு மேல் இழுக்கவில்லை. ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் விட்டால் மாஸ்க் கோணிக்கொண்டு ஒரு கண்ணுக்கு மட்டும் காற்றடிக்கும்.

காற்று எங்கே போகிறது என்று காதால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியவில்லை, தெருவில் தறி ஓடுகிறதே. ஒரு சாண் பாலியெஸ்டர் நூலை எடுத்து விளிம்பைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோனேன். மூக்குத் தண்டுக்கு இடது பக்கம் வந்ததும் நூல் நுனி ஆடியது. என் கை பழக்க தோஷத்தில் இறுக்கத்தான் போனது. நிறுத்திக்கொண்டு, அந்தப் பக்க மேல் ஸ்ட்ராப்பைத் தளர்த்தினேன், வலது பக்கத்தையும் அதே அளவுக்கு. நூல் நின்றுவிட்டது. பக்கவாட்டில் திரும்பிப் படுக்கச் சொல்லி மறுபடி பார்த்தேன், மல்லாந்து பார்த்தேன். எல்லாம் முடிந்து அளந்தபோது ஸ்ட்ராப் ஒவ்வொன்றும் முன்னே இருந்ததைவிட இரண்டு விரல்கடை தளர்வாக இருந்தது. ஸ்ட்ராப்புக்கும் கன்னத்துக்கும் நடுவில் என் விரல் தாராளமாகப் போய் வந்தது.

அன்று மூன்று மணி நேரம்தான் போட்டிருந்தார், பொய் சொல்லக் கூடாது. தூக்கத்திலேயே கழற்றி வீசியிருந்தார். மூன்றாம் நாள் ஐந்து மணி நேரம். பத்து நாள் கழித்து மெஷினில் பார்த்தால் அந்த 38 இருந்த இடத்தில் 4 இருந்தது. மூக்குப் புண் ஆறி வடுவும் போய்விட்டது.

எண்ணெய்க்கு வருகிறேன். நம்ம ஊரில் ராத்திரி தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுப்பவர்கள் நிறைய. எண்ணெய் நெற்றியில் வழிந்தால் சிலிக்கான் வழுக்கிக்கொண்டே இருக்கும், எவ்வளவு பொருத்தினாலும் நிற்காது. தலைப்பட்டை அதைவிடப் பாவம். துணி, உள்ளே மெல்லிய ஸ்பாஞ்சு, இழுவைக்கு எலாஸ்டிக் நூல், எல்லாம் எண்ணெயைக் குடித்துத் தொய்ந்துபோகும். எலாஸ்டிக் என்னவாகும் என்று என்னைக் கேளுங்கள், பாவாடை நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்த காலத்திலிருந்து பார்க்கிறேன். எண்ணெயைக் காலையில் வையுங்கள், குளிப்பதற்கு முன்னால். முகத்துக்கு கிரீமும் அப்படியே. குஷனைத் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் லேசான சோப்பில் அலசுகிறோம், பட்டையை வாரத்துக்கு ஒரு நாள். முறுக்கிப் பிழியக் கூடாது, மொட்டை மாடி வெயிலில் காயப்போடக் கூடாது, நிழலில்தான். அப்படிப் பார்த்துக்கொண்டாலும் அது ஆயுளுக்கும் வராது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். இழுத்து ஒட்ட ஒட்ட வெல்க்ரோ பட்டையின் கடைசிக்கே வந்துவிட்டால் பட்டை செத்துவிட்டது என்று அர்த்தம், மாஸ்க்கைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

துவைத்த பிறகு பழைய அளவு மறந்துபோகும், அதற்கு நான் ஒரு வேலை செய்தேன். வெல்க்ரோ வந்து ஒட்டுகிற இடத்தில், துணியின் மேலாக மட்டும் ஊசியை ஓட்டி ஒரே ஒரு சிவப்பு நூல் தையல், நாலு பட்டையிலும். இப்போது அவரே மாட்டுகிறார். கழற்றும்போது வெல்க்ரோவைப் பிரிப்பதே இல்லை, கீழே கிளிப்பை மட்டும் விடுவிப்பார். சில மாஸ்க்கில் கிளிப்புக்குப் பதில் காந்தம் வைத்து வருகிறது, பேஸ்மேக்கர் மாதிரி உடம்புக்குள் ஏதாவது வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம், பக்கத்தில் படுப்பவருக்கு இருந்தாலும் அதே கதைதான்.

மீசை. மூக்கு மாஸ்க்கின் அடி விளிம்பு மேலுதட்டின் மேல் உட்காருகிறது, சரியாக மீசை இருக்கிற இடத்தில். எடுத்துவிடுங்கள் என்று மகள் சொன்னாள், அவர் மெஷினையே எடுத்துவிடுகிறேன் என்றார். கடைசியில் மூக்குக்கு அடியில் ஒரு வரி மட்டும் கத்தரிக்க ஒப்பந்தம் ஆனது. அதுவே போதுமாக இருந்தது.

அப்புறம் செலோடேப். மாஸ்க்கின் முன்பக்கம் பொடிப் பொடியாக ஓட்டை இருக்கும், அதிலிருந்து புஸ்ஸென்று எப்போதும் காற்று வரும். என் மாமியார் அதை ஓட்டை விழுந்த மாஸ்க் என்று நினைத்து, பிள்ளைமேல் இருக்கிற பாசத்தில், ஒரு மத்தியானம் செலோடேப் போட்டு ஒட்டி வைத்துவிட்டார். நல்லவேளையாக மகள் பார்த்தாள். அந்த ஓட்டை நாம் விடுகிற மூச்சு வெளியே போவதற்கு. அடைத்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியதுதான். நூல் வைத்துப் பார்க்கும்போதும் அங்கே நூல் ஆடத்தான் செய்யும், அதை லீக் என்று நினைத்து இறுக்கிவிடாதீர்கள்.

பொங்கல் கழிந்து ஏற்காட்டில் நாத்தனார் வீட்டுக்குப் போனோம், காபி எஸ்டேட் வீடு. இருபது கொண்டை ஊசி வளைவிலும் மெஷின் பையை என் மடியில்தான் வைத்திருந்தேன். ஆயிரத்தைந்நூறு மீட்டர் உயரத்தில் காற்று குறையுமே என்று எனக்குக் கவலை, அதை இப்போது வருகிற மெஷின்கள் பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்கின்றன. வினை வேறு பக்கம் வந்தது. குளிருக்கு அவர் குரங்குக் குல்லாயைப் போட்டுக்கொண்டு அதன்மேல் தலைப்பட்டையை மாட்டிவிட்டார். கம்பளி மேல் பட்டை எங்கே நிற்கும்? வழுக்கி வழுக்கி மேலே ஏறிவிட்டது, என் சிவப்புத் தையலுக்கும் அங்கே வேலை இல்லை. கழற்றி, பட்டையை முதலில் மாட்டி, குல்லாயை அதன்மேல் தளர்வாக, ஓட்டையை மறைக்காமல் போட்டுவிட்டேன். சரியென்று படுத்தால் இரண்டு மணிக்குக் குழாய்க்குள் குளுகுளுவென்று சத்தம், மூக்கில் தண்ணீர் சொட்டுகிறது. "என்னங்க, சளியா?" என்று கேட்டால் சளி இல்லை, மெஷினிலிருந்து வருகிற ஈரக் காற்று குளிர்ந்த குழாயில் பட்டுத் தண்ணீராகிவிட்டிருக்கிறது. மெஷினை மேசையிலிருந்து இறக்கித் தலைமாட்டுக்குக் கீழே ஸ்டூலில் வைத்து, ஈரப்பதத்தை ஒரு எண் குறைத்து, குழாயைக் கம்பளிக்குள் போட்டுக்கொண்டார். முகத்தையும் மாஸ்க்கையும் கம்பளியால் மூடக் கூடாது, குழாயை மட்டும். "அண்ணி, இதுக்கு நீங்க அண்ணனைக் குறட்டை விடச் சொல்லியிருக்கலாம்" என்றாள் நாத்தனார், ஆனால் அவளும் அன்றைக்குத்தான் தன் அண்ணன் சத்தமில்லாமல் தூங்கிப் பார்க்கிறாள்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று எல்லாரும் கேட்கிறார்கள். மூக்கு மாஸ்க்கில் வாய் திறந்துதான் இருக்கிறது. வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க்கில் காற்று நின்றால் வெளிக் காற்றை உள்ளே விடுவதற்கு ஒரு வால்வு இருக்கிறது. அவர் எழுந்து கழற்றிவைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவார், அவ்வளவுதான்.

ஒன்று கேள்விப்பட்டேன், மகள் சொன்னது. 1981இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் இந்த வைத்தியத்தை முதன்முதலில் வெளியிட்டபோது இப்போதைய மாதிரி ஸ்ட்ராப் எல்லாம் கிடையாதாம், ஒவ்வொரு ராத்திரியும் மாஸ்க்கை முகத்தில் சிலிக்கான் பசை போட்டு ஒட்டிக்கொண்டு படுப்பார்களாம். அந்தக் கஷ்டத்துக்கு நாலு வெல்க்ரோ எவ்வளவோ மேல். ஆனால் அந்த நாலை எப்படிப் போடுவது என்று சொல்லித்தர ஆள் வேண்டுமே.

அதனால் நான் கேட்பது இதுதான். மெஷின் விற்கிறவர்கள் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகாமல், வாங்குகிறவரைப் படுக்க வைத்து, முழுக் காற்றையும் ஓடவிட்டு, மல்லாந்தும் ஒருக்களித்தும் பார்த்துப் பொருத்திக் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை வர வேண்டும், ஜாக்கெட்டுக்கு ஆல்ட்ரேஷன் மாதிரி, தனிக் காசு கேட்காமல். மூக்கின் அளவு பார்க்காமல் பெட்டியில் வந்த மீடியம் சைஸையே எல்லார் முகத்திலும் மாட்டக் கூடாது, குஷன் சைஸ் தப்பென்றால் நான் என்ன, எந்தத் தையல்காரி வந்தாலும் பட்டையை வைத்துச் சரிசெய்ய முடியாது. நம்ம ஊர் பெரிய ஆஸ்பத்திரியிலும் வாரத்தில் ஒரு மத்தியானம் ஒரு கட்டிலும் ஒரு நர்சம்மாவும் இதற்கென்று ஒதுக்கினால், பீரோ மேலே இருப்பதெல்லாம் கீழே இறங்கும். கட்டுரை எழுதிய டாக்டருக்கும் ஒரு வேண்டுகோள், அடுத்த தடவை அந்தக் கடைசி வரியை முதல் வரியாக வைத்து எழுதுங்கள்.

எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு பேர் மாஸ்க்கைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டார்கள். கடையில் கட்டில் இல்லை, வெட்டுகிற மேசையில்தான் படுக்க வைத்தேன். ஒருத்தருக்கு மேல் ஸ்ட்ராப்பைத் தளர்த்தியதே போதுமாக இருந்தது. இன்னொருவருக்கு சைஸ் தப்பு, வாங்கின இடத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன், மாற்றித் தருகிறார்களா பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
அம்மாப்பேட்டை, சேலம்.
(பெயர் போட வேண்டாம், மீசை விஷயம் இருப்பதால்.)